எரியாத டெஸ்டர்

சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எவன் பையைக் குடைவான் என்பது வயர்மேனின் கட்சி. கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில்தான், ஸ்க்ரூவைக் கழற்றுவதும் அதில்தான், பெயின்ட் டப்பா மூடியை நெம்புவதும் அதில்தான். ஆத்திர அவசரத்துக்கு முதுகும் சொறிந்துகொள்வார். கூடவே வேலை பார்க்கும் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, நேர் எதிர். தண்டு முழுக்க உறை போட்ட டிரைவர்களை அளவு வாரியாகத் துணிப்பையில் சொருகி வைத்திருப்பான். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் துடைத்து வைப்பான். பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல் துடைக்கிறான் பார் என்று வயர்மேன் கிண்டல் செய்வார்.

அன்று துணிக்கடை ஒன்றின் பின்னறையில் ஸ்விட்ச் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதே வழக்குதான் ஓடியது.

"மட்டமான ஸ்டார் டிரைவர் ஒரு மாசம் தாங்காது மாமா. நுனி மழுங்கிட்டா ஸ்க்ரூ தலையையும் சேத்துத் தின்னுடும். நல்லதா வாங்கினா வருஷக்கணக்குல வரும். ஆனா டெஸ்டரப் போட்டு முறுக்காதீங்க. அது அதுக்குப் பண்ணினது இல்ல."

"போடா. உங்க அக்காவ விட உறுதிடா இது. இத்தன வருஷமா முறுக்கறேன், ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல."

சொல்லிக்கொண்டே வயர்மேன் போர்டுக்குள் டெஸ்டர் நுனியை வைத்து, பின்பக்கம் விரலை அழுத்தி, உள்ளே இருக்கும் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரியவில்லை. லைனில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு, வயரைத் தொடக் கையை நீட்டினார். மச்சான் வெடுக்கென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மேல பாருங்க."

அதே போர்டிலிருந்து கரண்ட் போகும் விளக்கு தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது.

மச்சான் தன் டெஸ்டரை அதே இடத்தில் வைத்தான். உள்ளே செக்கச்செவேலென்று எரிந்தது. வயர்மேன் தன்னுடையதை மறுபடி வைத்தார். ஊஹூம். பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே இருக்கும் பொடி பல்பு நொறுங்கி, கண்ணாடித் தூளாக உள்ளங்கையில் விழுந்தது.

"நல்லவேள மாமா. இன்னிக்கு உங்க கதைய முடிச்சிருக்கும்" என்று மச்சான் சிரித்தான்.

வயர்மேன் சிரிக்கவில்லை. எப்போது உடைந்தது என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. முந்தின நாள் மதியம், துருப்பிடித்த மோட்டார் மூடி. டெஸ்டர் வழுக்கிக்கொண்டே இருக்க, பொறுமை இழந்து அதை ஸ்க்ரூ தலையின் பிளவில் அழுத்திப் போட்டு மூச்சைப் பிடித்து முறுக்கினார். நறுக்கென்று ஒரு சத்தம். துரு விட்டுக்கொடுத்தது என்று நினைத்துக்கொண்டார்.

அது மட்டும் இல்லை. அதே நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவி சொன்னாள், வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று. இதே டெஸ்டரை மெஷின் மேல் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "மெஷின்ல ஒண்ணுமில்ல, உன் நரம்புலதான் கரண்ட் ஓடுது" என்று கேலி பேசிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அவளும் சிரித்தாள். கண்ட வீட்டுக்கெல்லாம் எர்த் போட்டுக் கொடுக்கிற மனுஷன், தன் வீட்டு எர்த் வயர் அறுந்து கிடப்பதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

இன்றைக்குத் துணி துவைக்கும் நாள். தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்காலோடு நிற்பாள்.

போன் போட்டார். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். எதிர்வீட்டுக்காரியின் நம்பர் அவரிடம் இல்லை. இருந்தாலும் என்ன, அவள் ஓடிப்போய் இவளைத் தொட்டால் அவளும் அல்லவா சேர்ந்து ஒட்டிக்கொள்வாள்.

"யாருக்கு மாமா போன்?"

"உங்க அக்காவுக்கு" என்றார். மெஷின் விஷயத்தை அரைகுறையாகச் சொல்லி முடித்தார்.

மச்சான் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. பைக் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கினான். "நீங்க பின்னால உக்காருங்க. நான் ஓட்டறேன்."

வழியெல்லாம் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த வயர்மேன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. விவரம் தெரியாதவனாக இருந்தால் துணி காயப்போடப் போயிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இவருக்குத் தெரியும். கரண்ட் பிடித்துக்கொண்டால் கை விடாது, வாயும் திறக்காது. பக்கத்து அறையில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. கூட வேலை செய்த ஒருவன் அப்படிப் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். 

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே கட்டிலில் போன் அனாதையாக ஒளிர்ந்து அடங்கியது. பின்கட்டில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்தாம்மா" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

மச்சான் பின்கட்டுக்குப் பாய்ந்தான். வயர்மேன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். "மொதல்ல மெயின். நீயும் போயிடாத." மெயின் ஸ்விட்சைக் கீழே தட்டினார். மெஷின் முனகிக்கொண்டே நின்றது. குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. வலது கை மடியில் துவண்டிருந்தது.  வயர்மேன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள். பிறகு இருவரையும் பார்த்துவிட்டு, "ஏங்க, ரெண்டு பேரும் இந்த நேரத்துல?"

"மெஷின் அடிச்சுதா?"

"காலைலேந்து அடிச்சுக்கிட்டேதான் இருக்கு. கை மரத்தே போச்சு. நீங்கதான் மெஷின்ல ஒண்ணுமில்லன்னு பாத்து சொன்னீங்களே. அப்ப நெஜமாவே எனக்குத்தான் நரம்புல என்னவோ வந்துடுச்சுன்னு பயந்துட்டேன். அதான் பல்லக் கடிச்சுக்கிட்டுத் தொவச்சேன். அசதியில இப்பதான் உக்காந்து கண்ணசந்துட்டேன். சாயந்தரம் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாங்க."

மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

வயர்மேன் அவள் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். "உனக்கு ஒண்ணுமில்ல" என்றார். "மெஷின்லதான் கரண்ட் கசியுது. என் டெஸ்டர் ஒடஞ்சு கெடந்திருக்கு. நான் பாக்காம சொல்லிட்டேன்."

"அப்ப என் நரம்பு நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சுவரைப் பிடித்து எழுந்தாள். போன கரண்ட் வந்துவிட்டதா, மெயினை அணைத்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சத் துணியை எடுக்க மெஷினுக்குள் கையை விட்டாள்.

மெயினைத் தன் கையால் அணைத்தது தெரிந்திருந்தும், வயர்மேன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.