பினாங்குக்கு ஒரு தந்தி

தம்பி மஸ்தானின் உடலைச் சுற்றிய கஃபன் துணியின் கால்மாட்டு முடிச்சை அப்துல் ரஷீத் இறுக்கிக்கொண்டிருந்தார். திரைக்கு அப்பாலிருந்து தம்பி மனைவி சுல்தானா கூப்பிட்டாள்.

“பெரியவங்களே, பினாங்குக்கு ஒரு தந்தி அடிக்கணுங்க.”

“அங்க யாரு இருக்கா?”

“ரஹமத் பீவி. அவளும் இவரு சம்சாரம்தாங்க.”

முடிச்சிலேயே கை நின்றது.

“காய்ச்சல்ல பிதற்றியிருப்பான்.”

“தெளிவாத்தான் சொன்னாரு. வெலாசமும் குடுத்தாரு. நான் வாசல் தாண்டாம இத்தா இருக்கப் போறேன், நாலு மாசம் பத்து நாளு. அவளுக்கு யாருங்க சொல்லுவா?”

“தபாலாபீஸ்ல குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள மொரப்பூரே சிரிக்கும்.”

“அப்ப நானே போறேன்.”

போவாள். புருஷனை அடக்கிய அன்றே வாசல் தாண்டி, கடைத்தெரு வழியாகப் போவாள்.

ரங்கூன், கொழும்பு, பினாங்கு. மஸ்தான் ஜவுளி விற்கப் போன ஊர்களிலிருந்தெல்லாம் ஒரே மாதிரிக் கடிதம்தான் வரும். விடிந்தால் கப்பல் சங்கு, மத்தியானம் கடையடைப்பு, நாலு மணிக்கு மழை, அப்புறம் தேத்தண்ணீர். எந்த ஊரில் இறங்கினாலும் அதே ஊர்தான் அண்ணே என்று எழுதுவான். அதைக் கடையில் உட்கார்ந்து நாலு பேருக்குத் தலை நிமிர்ந்து படித்துக் காட்டியவர் ரஷீத். அந்தத் தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தது யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

சற்றுமுன் தானே அத்தர் தடவிய முகம். இப்போது பார்வையை விலக்கிக்கொண்டே துணியை இழுத்து மூடினார்.

அடக்கம் முடிந்ததும் நேரே தபாலாபீஸ் போனார். குமாஸ்தா குப்புராஜ் எழுந்து நின்றான்.

“மஸ்தான் பாய் தங்கமான மனுசனுங்க.”

ரஷீத் பினாங்கு விலாசம் எழுதிய காகிதத்தை நீட்டினார். ‘மஸ்தான் காலமானார். இத்தா இருக்கவும்.’

“இத்தான்னா என்னாங்க பாய்?”

“புருஷன் செத்தா பொண்டாட்டி வூட்ல இருக்கற துக்கம்.”

குப்புராஜின் பேனா நின்றது. “அந்தம்மா இங்கதானுங்களே இருக்காங்க?”

“இது இன்னொருத்தி. எங்க வூட்டு மருமகதான். எழுது.”

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டு எழுதினான்.

வெளியே வந்த ரஷீத் அதைச் சொன்ன வாயைக் குழாயடியில் கொப்பளித்தார். துப்பினார். மறுபடியும் கையேந்திக் கொப்பளித்தார். உள்ளே தந்திக் கருவி கட்கட்டென்று அடிக்கத் தொடங்கியது.