சொட்டு சாரின் இரும்பு பீரோ

எங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவே சொட்டு சார் என்றுதான் சொல்லும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோனாலும் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வார். கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காசு வாங்க மாட்டார். பதிலுக்கு அவருடைய விளக்கத்தை முழுசாகக் கேட்க வேண்டும். காசே கொடுத்துவிடலாம் என்றிருக்கும்.

பின்னறைதான் ஆய்வகம். அமிலம் ஒரு மூலையில் தரையோடு பிளாஸ்டிக் தட்டில். அம்மோனியா எதிர்மூலையில் ஜன்னலடியில். முகம் பார்த்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். காற்றும் தாராளம். அப்படியே விட்டிருக்கலாம்.

மகள் உண்டாகியிருப்பதாகப் போன் வந்தது. புருஷனுக்குக் கப்பலில் வேலை, அம்மா இல்லை. பிரசவத்துக்கு அப்பாவிடமே வந்து, குழந்தையோடு ஒரு வருஷம் இருக்கப்போவதாகச் சொன்னாள். மனைவி போனதிலிருந்து ஒற்றைத் தட்டு கழுவுகிற மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே எல்லாப் பாட்டில்களையும் மனைவியின் இரும்பு பீரோவில் கீழ்த்தட்டில் ஒன்றாக அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"இன்னும் பிறக்கவே இல்லையேண்ணா, யாருக்கு இந்தப் பூட்டு?" என்றேன்.

"தவழ ஆரம்பிச்சா எதையாவது தொட்டுடும்மா. லேப்ல சாவி என் இடுப்புல இருந்தவரைக்கும் ஒரு விபத்து கிடையாது, தெரியுமா?"

சுவரில் ஓட்டை போட்டுக் காற்றை வெளியேற்றும் விசிறியும் மாட்டினார். அது பகலெல்லாம் நல்ல காற்றை மெனக்கெட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கெட்டதெல்லாம் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது.

"கண்ணு எரியுதுண்ணா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உனக்கு எங்கேயாவது குறை கண்டுபிடிக்கணும்" என்றார். அது உண்மைதான். அதற்காகக் கண் சும்மா எரியுமா?

நிறைமாதத்தில் மகள் வந்து இறங்கினாள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உள்ளவள். கத்தரிக்கோல் வாங்குகிற சாக்கில் நானும் உள்ளே போனேன்.

"அப்பா, அம்மா பின்னின சட்டை எங்கப்பா?"

பேரப்பிள்ளையைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே, படுக்கையில் கிடந்தபடி அந்த அம்மாள் பருத்தி நூலில் பின்னிய சட்டை. பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனதை அவர் தொட்டதே இல்லை.

துருப்பிடித்த கீல் முனகிக்கொண்டு திறந்தது. பாட்டில்களின் மேல் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. அமில ஆவியும் அம்மோனியாவும் சேர்ந்தால் அப்படிப் படியும் என்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் அவர்தான். மகள் சட்டையைத் தோளில் பிடித்துத் தூக்கினாள். தோள் மட்டும் கையோடு வந்தது. மிச்சம் உதிர்ந்தது.

இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

"இவ்வளவு நெடி அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

"என்ன நெடி?"

"அடுப்புல பருப்பு கருகுறதாவது தெரியுதா?" என்றாள்.

அவர் திரும்பினார். புகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஓடினார். ஆய்வக ஆவி அவர் மூக்கை எப்போதோ தின்றுவிட்டிருந்தது, அவருக்கே தெரியாமல்.

மகள் அன்றே சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பினாள். "கோபமில்லப்பா. எனக்கே இங்க மூச்சு முட்டுது. பச்சக் குழந்தைய எப்படிப்பா வச்சுக்கிறது?" என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பாட்டில்களைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். பீரோவும் போயிற்று. சுவரைக் கழுவினார், வெள்ளையடித்தார். தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டுப் பின்னறையை மோந்து பார்க்கச் சொல்வார். ஒன்றுமில்லை என்பேன், உடனே மகளுக்குப் போன். "பாப்பா கொஞ்சம் பெரிசாகட்டும்ப்பா" என்பாள்.

பேத்தியைப் போனில்தான் பார்த்தார். நான் நேரிலேயே போய்ப் பார்த்தேன். சும்மா இருக்க முடியுமா? திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்கிறார். மூக்கு யார் மாதிரி, நிறம் யார் மாதிரி என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"மடியில வச்சிருந்தியாம்மா?"

"வச்சிருந்தேண்ணா."

"எப்படி மணக்குது?"

"பச்சக் குழந்த மணம்தாண்ணா" என்றேன்.

"இவ அம்மாவும் பொறந்தப்போ அப்படித்தான் இருந்தா" என்றார். பிறகு, "ஒரு நிமிஷம் உள்ள வந்து அந்த ரூமை மோந்து பாரேன்" என்றார்.

காலையில்தானே பார்த்தேன் என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.