முழங்கால் அளவு ஆறு

தளபதியின் திட்டம் கணினியில் மூன்றாவது முறையாகத் தோற்றது. நாற்பது டாங்கிகளில் முப்பத்தொன்று ஆற்றோடு போயின. மீதி ஒன்பது கரையில் நின்று வேடிக்கை பார்த்தன.

உண்மையில் ஒரு டாங்கிகூட நகரவில்லை. படையை அனுப்புவதற்கு முன் திட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் அறை அது. ஓட்டுபவள் ஒரு புரோகிராமர். ராணுவத்தில் சேராதவள், அதனால் பயமும் கொஞ்சம் குறைவு. எதிரியாக ஆடுவதற்குத் தளபதியின் மாப்பிள்ளையையே பக்கத்து அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஒரு மேஜர். மாமனாரை அடிக்கவேண்டுமே என்ற கூச்சத்தில் காலையிலிருந்து ஒரு குண்டுகூடப் போடவில்லை. எல்லாவற்றையும் ஆறே பார்த்துக்கொண்டது.

"ஆத்தோட ஆழத்தைக் குறைம்மா," என்றார் தளபதி.

"அளந்து போட்டது சார்."

"நான் இறங்கிப் பாத்த ஆறு. முழங்கால் தண்ணிதான்."

"எந்த மாசம் சார் பாத்தீங்க?"

தளபதி முறைத்தார். அவள் மறுபேச்சில்லாமல் முழங்கால் அளவு என்று மாற்றினாள்.

டாங்கிகள் ஜம்மென்று இறங்கின. தளபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவை நடு ஆற்றை அடைந்தபோது, திரையின் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இந்தக் கரையில் ஏறின.

"யாரு இவங்க?"

"மாப்பிள்ளை சாரோட ஆளுங்க. அவங்களுக்கும் முழங்கால் தண்ணிதானே சார்?"

புள்ளிகள் தலைமையகத்தை நோக்கி ஓடின.

"ஆழமாக்கு! பழையபடி ஆழமாக்கு!"

"இப்பவேவா சார்? நம்ம வண்டியெல்லாம்..."

"சொன்னதைச் செய்ம்மா!"

செய்தாள். நாற்பதும் ஒரே மூச்சில் முழுகின. வேடிக்கை பார்க்கக்கூட ஒன்று மிஞ்சவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. மாப்பிள்ளை விறைப்பாக சல்யூட் அடித்தார். "மாமா... மன்னிக்கணும், சார். நீங்க இப்ப என்னோட கைதி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். "தோத்ததுக்குக் காரணம்னு என்ன சார் போடட்டும்?"

தளபதி எழுந்துபோய்த் திரையில் ஆற்றின் குறுக்கே விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பாலம் கட்டுற படையை முதல்ல அனுப்பணும்னு போடு," என்றார் கடைசியில். "ஆறு அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அப்படியே ஐந்தாவது முறை ஓட்டினார்கள். மாப்பிள்ளை கூச்சத்தை விட்டுச் சுட்டுத் தள்ளியும் முப்பத்தாறு டாங்கிகள் அக்கரை சேர்ந்தன.

தளபதி தொப்பியை எடுத்தபோது செல்போன் அடித்தது. மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏங்க, மாப்பிள்ளைகிட்ட மாட்டிக்கிட்டீங்களாமே? எப்ப விடுறாராம்? சாப்பாடு ஆறிப்போகுது."

தளபதி திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.