படிகாரப் பனி

என் கணவர் யான்சியூ வரைந்த மலைகளில் ஆள் கிடையாது. பழைய ஓவியர்கள் எவ்வளவு பெரிய மலையை மையில் எழுப்பினாலும், அடிவாரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு வழிப்போக்கனையாவது நடக்கவிடுவார்கள். இவர் அவர்களிடமிருந்து பாறையையும் மூடுபனியையும் எடுத்துக்கொண்டார். நடுவே கேபிள் கார் கம்பியைக்கூட இழுத்துவிட்டார். வழிப்போக்கனை மட்டும் சேர்க்கவில்லை.

"ஒருத்தரும் ஏறாத மலைக்குப் பாதை எதுக்கு?" என்பேன்.

"நீ ஏறு. இடம் விட்டு வைக்கிறேன்."

பனி கொட்டிய காலைகளில் அவருடைய ஓவியப் பட்டறைப் படிகளை நான்தான் பெருக்குவேன். "விட்டுடு, அழகா இருக்கு" என்று உள்ளிருந்து குரல் வரும். "வழுக்கி விழுந்தா அழகு தெரியும்" என்று நான் பெருக்கிக்கொண்டே இருப்பேன்.

அவர் போன பிறகு கடைசிப் படம் பட்டறைச் சுவரிலேயே தொங்கியது. இடப்பக்கம் சிகரங்கள். அங்கிருந்து புறப்பட்ட பாதை வலப்பக்கத்து வெறுமைக்குள் நுழைந்து காணாமல் போனது. அந்த வெள்ளை மூடுபனியா, வரைய நேரமில்லாமல் நின்றதா? யாருக்காவது விட்ட இடம் என்றால், யாருக்கு? படத்தின் முன்னால் உட்கார முடியவில்லை. அதை விட்டு அகலவும் முடியவில்லை. அடுப்பில் கஞ்சி இரண்டு முறை தீய்ந்தது.

அவருடைய நண்பர் பாவ், ஹஃபே நகரத்திலிருந்து வந்தார். அங்கே நினைவுக் கண்காட்சி வைக்கிறார்கள். அந்த வெள்ளையில் தான் ஒரு கவிதை எழுத வேண்டும் என்றார் பாவ்.

"இறந்தவன் படத்துல கூட்டாளி நாலு வரி எழுதலைன்னா, அவனுக்குக் கூட்டாளியே இல்லைன்னு நெனப்பாங்க, அண்ணி."

"உன் கையெழுத்தப் பாத்தா, இல்லாமலே இருந்திருக்கலாம்னு நெனப்பாங்க, தம்பி."

சிரித்தார். நானும் சம்மதித்தேன். எதையாவது எழுதி நிரப்பினால் அது என்னை விட்டுவிடும் என்று தோன்றியது.

படத்தை மேசையில் விரித்தோம். மேல் மூலையில் பாவ் முதல் கோட்டை இழுத்தார். மை சரியாகப் பிடிக்கவில்லை. கறுப்புக்குள் பொட்டுப் பொட்டாக வெள்ளை நின்றது.

"காகிதம் கெட்டுப்போச்சு அண்ணி. ஈரம் ஏறியிருக்கு."

நான் விரலை நனைத்து வெள்ளைப் பகுதியில் தேய்த்து நாக்கில் வைத்தேன். துவர்ப்பு. படிகாரம். ஜன்னலோரம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்த கிண்ணம் நினைவுக்கு வந்தது. மருந்து என்று நினைத்து அதைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். படிகார நீர் பட்ட இடத்தில் மை ஏறாது. முதலில் அதைத் தெளித்து, காய்ந்த பின் மேலே வெளிர் மை பூசினால், தெளித்த இடமெல்லாம் வெள்ளையாக நிற்கும். பூசுவதற்குள் அவர் போய்விட்டார்.

அகலத் தூரிகையை எடுத்தேன்.

"வேணாம் அண்ணி. ஒரு தடவ பூசினா திருத்த முடியாது. அவன் படத்துல உங்க கை பட்டா அப்புறம் அது அவன் படமா?"

"உன் கை பட்டுச்சே, இப்ப."

மையை நீரில் கரைத்தேன், இன்னும் கரைத்தேன், மேலிருந்து கீழே ஒரே மூச்சாக இழுத்தேன். சாம்பல் நிறம் பரவப் பரவப் பனி கொட்டியது. ஆயிரக்கணக்கில் வெள்ளைத் துளிகள். பாவின் கோடு ஒரு பாறையாகப் பின்வாங்கியது. குனிந்து தேடினேன். அரிசி மணி அளவுக்குக்கூட ஒரு ஆள் இல்லை.

பாவ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைக் காகிதத்தில் படாமல் நகர்த்தினார். பனிக்கு நடுவே, பாதை விட்ட இடத்திலிருந்து படத்தின் உச்சி வரை, ஒரு மெல்லிய சாம்பல் கீற்று வளைந்து ஏறியது. அதில் ஒரு துளியும் இல்லை.

"இங்க மட்டும் ஏன் தெளிக்காம விட்டான்?"

"பெருக்கியிருக்கு" என்றேன்.