பீலிக்கு மேலே வெட்டிய குழி

அரசாங்கம் உர இறக்குமதியை நிறுத்தி, பசளை கிடைக்காமல் போன முதல் ஹஜ்ஜுப் பெருநாளா, அடுத்ததா என்று எனக்கு நிச்சயமில்லை. ஸவாஹிரா சொல்லிக் கேட்டதுதான். வருசத்தில் அவளுக்கே தடுமாற்றம் உண்டு. நாற்றத்தில் இல்லை.

பண்டாரவளைக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில், அவள் கணவர் ஜெஸீம் போஞ்சி போட்டிருந்தார். பசளையில்லாமல் கொடிகள் மஞ்சளித்து நின்றன. பெருநாளுக்கு அறுத்த குர்பான் மாடுகளின் குடலையும் இரத்தத்தையும் புதைக்கும் பொறுப்பை அவர் பள்ளிவாசலில் தானே கேட்டு வாங்கினார். ஆளுயரத்துக்குக் குழி வெட்டச் சொல்லியிருந்தார்கள். அவரோ முழங்கால் ஆழத்தில், போஞ்சி வரிசைகளுக்கு மேலே, வாய்க்கால் மாதிரி நீளமாக வெட்டினார். ஆழமாகப் போட்டால் வேருக்கு எட்டாதாம்.

ஸவாஹிரா ஷாலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கொமட்டுது. குர்பான் மாட்ட இப்படியா பொதைக்கிற?"

"மாடு புல்லத் தின்னுச்சு, புல்லு மண்ணத் தின்னுச்சு. மண்ணோடத மண்ணுக்கே குடுக்குறேன். ஒனக்கு என்ன?"

வழக்கமாக அந்த மாதத்தில் வராத மழை வந்தது. குழி ஊறிப் பொங்கி, பழுப்பாக நுரைத்து, புழுக்களோடு சரிவில் வழிந்தது. கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். லயத்து ஆட்கள் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடிக்கும் பீலியும் அங்கேதான். குழித் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். வாய் திறந்தால் ஜெஸீமின் முகத்தில் ஊரே துப்பும். பேசாமல் இருந்தாள்.

நான்காம் நாள் இறங்கிப் போனாள். பீலிக் கல்லில் பச்சைப் பாசி சளிபோல் தொங்கியது. லயத்துச் சிவசக்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி கேனை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஒங்க வீட்டுக் கொழாய் கோவிச்சிக்கிச்சா?"

"தண்ணி வாடை அடிக்கலயா?"

"அடிக்குதுதான். எலை அழுகுதுன்னு இவரு சொல்றாரு. இதுலதான் புள்ளைக்குப் பால்மா கரைக்கிறேன். மூணு நாளா வயித்தால போவுதுக்கா."

ஸவாஹிரா குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேனைப் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

"இதக் குடுக்காத புள்ள. மேல நாங்க மாட்டுக் கொடலப் பொதச்சிருக்கோம்."

சிவசக்தி ஓரமாகக் காறித் துப்பினாள். "ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மழை பேஞ்ச அன்னைக்கே."

தன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல், குழியைவிட நாறியதாக ஸவாஹிரா சொன்னாள்.

குழந்தை பதுளை ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து பிழைத்தது. விசயம் வெளியே வர, பள்ளிவாசல்காரர்கள் குழியைத் தோண்டி, எல்லாவற்றையும் வேறிடத்தில் ஆழமாகப் புதைத்தார்கள். சிவசக்தியின் குடும்பம் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டது. ஜெஸீம் காணியை விற்றுவிட்டு டவுனில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். ஸவாஹிரா அவரோடுதான் இருக்கிறாள்.