பெயர்க் கட்டத்தில் எழுதியிருக்கும் சொல்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் மேசைக்கு நடந்து வந்தது. நானே யோசித்திருந்தால் இதைவிட ஒழுங்காக யோசித்திருப்பேன். நெல்லித்தோப்பில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துப் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிச் சீல் குத்திக் கொடுப்பது என் தொழில். கதை எழுதுவது வியாதி. போன செவ்வாய்க்கிழமை இரண்டும் ஒரே காகிதத்தில் வந்து மாட்டிக்கொண்டன.

முதல் தொடக்கம்: ‘1951. கனகசெட்டிக்குளத்துக் கரையில் அலைகள்…’ வேண்டாம். அலையை எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இரண்டாவது: ‘நேயன் என்பது அழகான பெயர்.’ இது உண்மை. தலைவலியே அதில்தான்.

2.

நேயன், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்து நான்கு. மகள் ஹேமலதாவோடு வந்தார். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பெயர் சூட்டு விழா.

“அப்பா பேரையே வைக்கிறோம் சார்,” என்றாள். “கார்டு அடிச்சாச்சி. நேயன்னா அன்பானவன்னு அர்த்தமும் போட்டுட்டோம்.”

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து 1951-இல் பிரெஞ்சில் எழுதிய தம் பிறப்புப் பதிவை எடுத்து மேசையில் வைத்தார்.

“எங்கப்பா வச்ச பேரு சார். ஆபீஸ்ல என்னப் பதிஞ்சிட்டு மறுநாளு சைகோனுக்குக் கப்பலேறனவரு, திரும்பி வரல. மூஞ்சிகூடத் தெரியாது. அவரு எனக்குக் குடுத்தது இந்தப் பேரு ஒண்ணுதான். இதத் தமிழ்ல எழுதிக் குடுங்க, விழாவுல படிக்கணும். சீல் போட்டே குடுங்க.”

சீல் மட்டுமாவது கேட்காமல் இருந்திருக்கலாம். சீல் குத்தினால் மூலத்தில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன் என்று நான் உறுதி கொடுத்ததாகிவிடும்.

3.

குழந்தையின் பெயருக்கு உரிய கட்டத்தில் ‘நெயான்’ என்று இருக்கிறது. பிரெஞ்சுச் சொல், கடைசி எழுத்தை மூக்கால் முடிக்க வேண்டும். அது பெயரே இல்லை. அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார்கள். எழுத விஷயம் இல்லையென்றால் இந்தச் சொல்லை எழுதுவார்கள்.

பொருள்: ஒன்றுமில்லை.

நடந்தது எனக்குப் படம்போலத் தெரிகிறது. பிறந்து மூன்றாம் நாள். பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள். நம் வீடுகளில் பதினாறாம் நாள்தானே பெயர்? ‘இன்னும் வைக்கலீங்க’ என்றிருப்பார் தகப்பன். குமாஸ்தா ‘நெயான்’ என்று எழுதினார். தகப்பன் போய்விட்டார். பதினாறாம் நாள் யாரோ காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததும், ‘அவரே வச்சிட்டுப் போயிருக்காரு’ என்று வீடே அழுதிருக்கும். பிறகு ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைத் திருத்தித் தமிழாக்கி நேயன் என்று சேர்த்துக்கொண்டார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: குமாஸ்தாவே, ஒரு கோடு கிழித்திருக்கக் கூடாதா? ஒரே ஒரு கோடு. எனக்கு இந்த வாரம் நிம்மதியாகப் போயிருக்கும்.)

4.

முடிவு அ: ‘நேயன்’ என்று எழுதிச் சீல் குத்துகிறேன். எல்லோரும் கைதட்டிக் கேசரி சாப்பிடுகிறார்கள். முப்பது வருஷமாக ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாதவன் நான். என்னையும் சாப்பிடச் சொல்வார்கள், நான் கை கழுவப் போவதுபோல வாசலுக்கு நழுவிவிடுவேன்.

முடிவு ஆ: ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறேன். எழுபத்து நான்கு வயது மனிதர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, [இந்த வாக்கியத்தை மூன்று தடவை ஆரம்பித்துவிட்டேன். போகமாட்டேன் என்கிறது.]

முடிவு இ, என் மனைவி மாலா சொன்னது: “பேரு வைக்கலன்னே எழுதுங்க. கீழ, தகப்பனே நேர்ல கொழந்தையத் தூக்கியாந்து காட்டனாருன்னு இருக்குதில்ல? அதையும் எழுதுங்க. அவருக்கு அது போதும்.”

“அது எல்லாப் பதிவுலயும் இருக்கிற வாசகம்டி.”

“எல்லாத்துலயும் இருந்தா பொய்யாயிடுமா?” என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். நான் அந்த வாசகம் இருக்கும் வரியை மறுபடி எடுத்துப் படித்தேன்.

5.

இன்று சனிக்கிழமை. நான்கு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன், மூன்றரைக்கே வந்துவிட்டார். தனியாக. புதுச்சட்டை, நாளைய விழாவுக்கு வாங்கியதை இன்றைக்கே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

“ஆயிடுச்சா சார்?”

“ஒரு சொல்லு பாக்கி.”

“மெதுவா எழுதுங்க,” என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: “சார், ஒரு சந்தேகம். என்ன நெனச்சி எங்கப்பா இந்தப் பேர வச்சாருன்னு அதுல எங்கனா போட்டிருக்குதா?”

அவருக்குப் பதில் சொல்லாமல் இங்கே உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கோழைத்தனம்தான், தெரிகிறது. இதுவரை படித்தீர்கள் அல்லவா, சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். பேனாவைப் பிடியுங்கள். சீல் மையில் தோய்ந்து தயாராக இருக்கிறது.

குழந்தையின் பெயர்: [                    ]

ஏதாவது எழுதுங்கள். எழுத மனம் வராமல் காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். காலியாக விட்டால் அங்கே எந்தச் சொல் வந்து உட்காரும் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அவர் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.