கருப்பட்டிக்குச் செஞ்ச பொட்டி

கோகிலவாணியோட பாம்பை அடிச்சுக் கொன்னவன் வேடியப்பன். அது தெருவுக்கே தெரியும், அவனே பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சான். ஆனா பாம்பு இருந்த பொட்டியைத் தொறந்ததும் அவன்தான்னு கோகிலவாணிக்கு மட்டும்தான் தெரியும். அதை அவ எப்படி அவன் வாயாலயே கக்க வச்சான்றதுதான் விஷயம்.

வேடியப்பன் அசலாளு இல்ல. அவ புருஷன் அருள்மொழிக்குக் கூடப்பொறந்த அண்ணன். கள்ளக்குறிச்சியில அப்பன் கட்டின ஒரே வூட்டை நடுவுல சொவரு வச்சுப் பிரிச்சுக்கினு, அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. பின்னாடி தண்ணித் தொட்டி மட்டும் பொது. தொட்டிக்குப் போவணும்னா அண்ணன் குடும்பம் தம்பி வூட்டு நடையைத் தாண்டித்தான் போவணும். அருள்மொழி வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்றவன், வாரத்துல பாதி நாள் மலையிலயே தங்கிடுவான். கோகிலவாணிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு அலுமினியம் கடையில வேலை. ஷோகேஸ், பார்ட்டிஷன், கொசுவலை ஜன்னல்னு அளவு எடுக்கிறதுல இருந்து கண்ணாடிக்கு ரப்பர் மாட்றது வரைக்கும் அவ கைதான்.

பாம்பு பேரு கருப்பட்டி. ஆப்பிரிக்காப் பக்கத்து சின்ன மலைப்பாம்பு, விஷமே கிடையாது, பயந்துச்சுன்னா பந்து மாதிரி சுருண்டுக்கும். சென்னையில முறையா வளத்து விக்கிறவங்ககிட்ட வாங்கி, வனத்துறையில பதிவும் பண்ணி வச்சிருந்தா. ஊருல ஒவ்வொருத்தரும் கிளி வளக்கிறாங்க, மீன் வளக்கிறாங்க, இவளுக்குப் பாம்பு பிடிச்சுது, அவ்ளோதான். வேலை விட்டு வந்து கையில எடுத்தா மணிக்கட்டைச் சுத்திக்கினு அசையாம கிடக்கும். அது மேல அவளுக்கு உசுரு.

அதை அவ நடையில ஒரு பெரிய பிளாஸ்டிக் பொட்டியில வச்சிருந்தா. மூடிக்கு நாலு பக்கமும் கிளிப். வெளியில இருந்து கட்டை விரலால அமுக்கித் தூக்கினாதான் விடும். தினமும் வேலைக்குக் கிளம்புறப்ப நாலையும் அழுத்திப் பாத்துட்டுத்தான் படி எறங்குவா.

வேடியப்பன் மவ ஷாலினியைப் பொண்ணு பாக்க திருநாவலூர்ல இருந்து வர்றதா இருந்தாங்க. "பாம்பு இருக்கிற வூட்ல எவன் பொண்ணு எடுப்பான்? தூக்கிக் கடாசு அதை" ன்னான். "அன்னிக்கி ஒரு நாள் நான் கடையில கொண்டு போய் வச்சுக்கிறேங்க மாமா" ன்னு இவ தன்மையாதான் சொன்னா. சரின்னு தலையாட்டிட்டுப் போனான் மனுஷன். மறுநாளே இவ வேலைக்குப் போன நேரமா பாத்து காரியத்தை முடிச்சுட்டான்.

இவ வந்து பாத்தப்ப கருப்பட்டி குப்பை மேட்ல தலை நசுங்கிக் கிடந்துச்சு. வேடியப்பன் கம்பியைக் கழுவிக்கினு இருந்தான். "பொட்டியை ஒழுங்கா மூடாம போயிட்ட. நேரா எங்க சமையக்கட்டுக்கு வந்துடுச்சு. மனுஷங்க இருக்கிற எடத்துல இன்னா பொறுப்பும்மா இது" ன்னு தெருவே கேக்கற மாதிரி சத்தம் போட்டான். இவ நடையில போய்ப் பாத்தா, பொட்டி மூடி சொவத்துல சாத்தி வச்சிருக்குது. நாலு கிளிப்பையும் கழட்டி, மூடியை எடுத்து, அலுங்காம சொவத்துல சாத்தி வச்சுட்டுப் போற பாம்பு எந்த லோகத்துல இருக்குது? கேட்டா, "நான்தான் அப்புறமா எடுத்து வச்சேன்" ன்னான்.

அதுகூடப் போவட்டும். மலையில இருந்து எறங்கி வந்த அருள்மொழி அவ சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, "நீதான் கிளிப்பைச் சரியா போட்டிருக்க மாட்ட கோகிலா. அண்ணன் இன்னா பொய்யா சொல்லப் போறாரு" ன்னான். அங்கதான் அவளுக்கு வயிறு எரிஞ்சுது. பாம்பு செத்ததும் போச்சு, சாவடிச்சவளும் இவளேன்னு ஆயிடுச்சு. அன்னியில இருந்து புருஷன்கிட்ட சோறு வேணுமா, கொழம்பு வேணுமான்னு கேக்கறதோட பேச்சை முடிச்சுக்கினா.

டீக்கடையில அந்தச் செத்த பாம்பு நாளுக்கு நாள் வளந்துச்சு. மூணடி ஆறடியாச்சு, அப்புறம் படம் எடுத்துச்சு, அதுக்கப்புறம் வேடியப்பன் மூஞ்சிக்கு நேரா சீறுச்சு. பொண்ணு பாக்க வந்த சம்பந்திங்களும், "சம்பந்தி நல்ல தைரியசாலி" ன்னு மெச்சிட்டுப் போனாங்க. வேலைக்குப் போறப்ப எல்லாம் டீக்கடையைத் தாண்டித்தான் கோகிலவாணி போவணும். உன் வாயாலயே வரவைக்கிறேன் இரு, அதுவும் இதே ஜனத்து முன்னாடின்னு பல்லைக் கடிச்சுக்கினு போவா.

எப்படின்னுதான் தெரியல. அதை வேடியப்பன் பொண்டாட்டி ராஜாம்பாளே எடுத்துக் குடுத்தா. ஒரு நாள் தொட்டிகிட்ட தண்ணி மொண்டுக்கினு இருக்கிறப்ப, குரலை எறக்கிச் சொன்னா: "பால் ஊத்தி, வாயில காசு வச்சு, முறையா கொளுத்துங்கன்னு தலையால அடிச்சுக்கினேன் கோகிலா. வெளிநாட்டுப் பாம்புக்கு இன்னாடி சாங்கியம்னு குப்பையில வீசிட்டாரு. இப்ப ஜோடி பழி வாங்கத் தேடிக்கினு வந்துடுமோன்னு ராத்திரியில பொசுக்கு பொசுக்குன்னு எழுந்து உக்காந்துக்கிறாரு. யார்கிட்டயும் சொல்லிடாத."

கோகிலவாணி யார்கிட்டயும் சொல்லல. குடத்தை இடுப்புல வச்சுக்கினு உள்ள வந்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்கிதான் வயிறு நெறைய சாப்பிட்டா.

ஷாலினி கல்யாணம் முடியட்டும்னு காத்திருந்தா. அந்தப் பொண்ணு மேல அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. கல்யாணப் பந்தல் பிரிச்ச மறுவாரம், கடையில மிஞ்சின துண்டு துக்காணி எல்லாம் கேட்டு வாங்கி ஆட்டோவுல ஏத்திக்கினு வந்து நடையில எறக்கினா.

பொட்டின்னா அதான் பொட்டி. தண்ணி குடிக்காத பிளைவுட்டுல அஞ்சு பக்கம், மூலை முடுக்கெல்லாம் சிலிகான் வச்சு அடைச்சா. முன்பக்கம் அலுமினியத் தடத்துல ஓட்ற மாதிரி ரெண்டு கெட்டிக் கண்ணாடி. காத்துக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, சுண்டு விரல் நுழையாத இரும்பு வலையை வெளிப்பக்கமா வச்சு முடுக்கினா, உள்ள இருக்கிறது மூக்கை ஒரசிப் புண்ணாக்கிக்கக் கூடாதுன்னு. ஒரு ஆணி முனை உள்ள நீட்டல. ஒட்டுற டேப்பு ஒண்ணுகூட உள்ள வைக்கல, தோல்ல ஒட்டினா உரிஞ்சு வந்துடும். சிலிகான் நாத்தம் போறதுக்குன்னே பொட்டியைத் தொறந்து போட்டுக் காத்துக்கினு இருந்தா. கீழ தேங்கா நார்த்தூளு, கவுந்துடாத கனமான தண்ணிக் கிண்ணம், பதுங்கறதுக்கு வாய் ஒடைச்ச மண்சட்டி ஒண்ணைக் கவுத்து வச்சா. நகைக்கடை ஷோகேஸுக்குப் போட்ற பூட்டைக் கண்ணாடியில மாட்னா. இதை அப்பவே செஞ்சிருந்தா அவன் கை உள்ள போயிருக்காதேன்னு நெனைச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. தொடச்சுக்கினு வேலையைப் பாத்தா.

எல்லாம் முடிஞ்சதும் அக்கம் பக்கத்தைக் கூப்ட்டா. எதிர் வூட்டு பாத்திமா கண்ணாடியைப் பிடிச்சு இழுத்துப் பாத்துச்சு, அசையல. "மாமா, நீங்களும் ஒருதரம் பாத்துடுங்க. நாளைக்குப் பொட்டி சரியில்லன்னு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க" ன்னு வேடியப்பனையும் வரவழைச்சா. அவன் தட்டிப் பாத்தான், குலுக்கிப் பாத்தான், பூட்டை முறுக்கிப் பாத்தான். "எறும்புகூட உள்ளயிருந்து வெளிய வராது" ன்னு எல்லாரும் கேக்கச் சொன்னான். அவளுக்கு அது போதும்.

கூட்டம் கலைஞ்சதும் பீரோவுல புடவை மடிப்புல பத்திரமா வச்சிருந்த பாம்புச் சட்டை ஒண்ணை எடுத்து சட்டிக்குப் பக்கத்துல போட்டா. கருப்பட்டி உசுரோட இருந்தப்ப உரிச்சுப் போட்டது. பூட்டிச் சாவியைத் தாலிக்கயித்துல கோத்துக்கினா. உள்ள பாம்பு கிடையாது. அன்னிக்கும் இல்ல, அப்புறமும் வாங்கி வைக்கல.

ஆனா ஒண்ணு, கோகிலவாணி யார்கிட்டயும் ஒரு பொய் சொல்லல. "உள்ள இருக்குதா?" ன்னு ராஜாம்பாள் கேட்டா. "கண்ணாடிதானேக்கா, பாத்துக்குங்க" ன்னா. அவ குனிஞ்சு பாத்தா, சட்டையைப் பாத்துட்டு மூச்சைப் பிடிச்சுக்கினு நகந்துட்டா. பாத்திமா சட்டிக்கு அடியில வாலைப் பாத்ததா சத்தியம் பண்ணுச்சு. அருள்மொழி வந்து, "இதை எப்ப வாங்கின?" ன்னான். "நான் எதையும் வாங்கல" ன்னு மூஞ்சைத் திருப்பிக்கினா. யாரோ குடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு அவனா முடிவு பண்ணிக்கினான். ஜோடியே தேடி வந்துடுச்சுன்னு தெரு முடிவு பண்ணுச்சு.

தினமும் அவ கிண்ணத்துல தண்ணி மாத்துவா. தினமும் வேடியப்பன் தொட்டிக்குப் போறப்ப எதிர் சொவத்தோட சொவரா ஒட்டிக்கினு போவான். வயசான மனுஷன் பாவமேன்னு ஒருதரம்கூட அவளுக்குத் தோணல. ஒரு வெள்ளிக்கிழமை சொம்புல பால் கொண்டாந்து பொட்டி முன்னாடி வச்சுட்டு, கன்னத்துல போட்டுக்கினு போனான். அந்தப் பால்ல அவ டீ போட்டுக் குடிச்சா. சக்கரை கம்மியா போட்டும் இனிப்பா இருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, அருள்மொழியும் வூட்ல இருக்கிற நேரம். கறிக்கடைக்குப் போய்ட்டு வர்ற ஜனம் தெருவுல நின்னு பேசிக்கினு இருக்குது. கோகிலவாணி பூட்டைத் தொறந்து, கண்ணாடியை ஒரு முழம் தள்ளி வச்சுட்டு, சட்டியை மல்லாத்தினா. அப்புறம் வாசல்ல வந்து நின்னு சாதாரணமா சொன்னா: "பொட்டி தொறந்து கிடக்குது. உள்ள ஒண்ணும் இல்ல."

தெரு மொத்தம் வாசல்ல வந்து முட்டிக்கினு நின்னுச்சு. டீ கிளாஸோட இருந்த வேடியப்பன் கிளாஸைப் போட்டுட்டுத் தன் வூட்டு வாசல்ல இருந்த ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கினான். வேட்டியை முட்டிக்கு மேல சுருட்டிப் பிடிச்சிருந்தான்.

"நீதான் தொறந்து வுட்டிருக்க" ன்னான்.

"ஏங்க மாமா, பாம்பு அதுவா தொறந்துக்கினு போவாதா? அன்னிக்கி மாதிரி."

"அதுவா எப்படிப் போவும்? பாம்புக்கு இன்னா கையா இருக்குது? அந்தப் பூட்டை நானே முறுக்கிப் பாத்தேன், வெளியில இருந்து ஒரு கை தொறந்தாதான் உண்டு."

"அன்னிக்கி மட்டும் எப்படிங்க போச்சு? நாலு கிளிப்பு போட்டிருந்தேனே."

"அன்னிக்கி நான் கழட்டனேன்" னு கத்தினான் வேடியப்பன். பயத்துல அவனுக்கு இன்னா பேசறோம்னே தெரியல. "நாலையும் நான்தான் அமுக்கிக் கழட்டனேன். இல்லன்னா அது ஏன் வெளிய வரப் போவுது? அது பாட்டுக்கு சுருண்டு தூங்கிக்கினு இருந்துச்சு. தூங்கினதை அப்படியே கம்பியால எடுத்துப் போட்டுதான் அடிச்சேன். அதுவா எதுவும் வராது, நீதான் தொறந்திருக்க."

சொன்னது இன்னான்னு அவனுக்கே அப்பதான் ஒறைச்சுது. ஸ்டூல் மேல நின்னுக்கினே வாயைப் பொத்தினான். ராஜாம்பாள் அவனையே பாத்துக்கினு நின்னா. அருள்மொழி பொண்டாட்டி மூஞ்சைப் பாக்க முடியாம தரையைப் பாத்தான்.

கோகிலவாணி இதோட முடிச்சுக்கலாம்னுதான் இருந்தா. அவன் வாயால ஒரு வார்த்தை வந்துட்டா, இந்தப் பொட்டியில என்னிக்குமே பாம்பு இல்லன்னு சொல்லி எல்லாரையும் அனுப்பிடலாம்னு நெனைச்சிருந்தா. ஆனா தூங்கிக்கினு இருந்துச்சுன்னு சொன்னானே, அது அவளுக்குப் புதுசு. ஓடிச்சு, ஒளிஞ்சுச்சு, அப்புறம் அடிச்சான்னுதான் இத்தினி நாளா நெனைச்சுக்கினு இருந்தா. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை முழுங்கிட்டா.

"கோகிலா, தப்பு என் மேலதான். அது எங்கயும் போயிருக்காது, நான் தேடிக் குடுக்கிறேன்" ன்னான் அருள்மொழி.

"தேடுங்க" ன்னா.

அண்ணனும் தம்பியும் அன்னிக்கி பூரா தேடினாங்க. ஒருத்தன் நெஜமான வருத்தத்தோட, ஒருத்தன் நீட்டு கழியை வச்சுக்கினு. அரிசி மூட்டையை எல்லாம் எறக்கினாங்க. பாம்பு பிடிக்கிற ஆளு ஒருத்தரைக் கூப்ட்டு வந்து கூரை ஓட்டைப் பிரிச்சுக்கூடப் பாத்தாங்க. டீக்கடையில வேடியப்பன் போய் உக்காந்தா, "இன்னாண்ணே, கிளிப்பைக் கழட்டவா?" ன்னு எவனாச்சும் ஆரம்பிச்சுட்றான். அவன் இப்ப வூட்லயே டீ குடிக்கிறான், அதுவும் காலைத் தூக்கி ஸ்டூல் மேல வச்சுக்கினு.

ஒரு நாள் சாயங்காலம் தொட்டிகிட்ட ராஜாம்பாள் குடத்தை வச்சுட்டு நின்னா. தண்ணி மொள்ளல.

"உள்ள எப்பவுமே ஒண்ணும் இல்லதானே?" ன்னா.

கோகிலவாணி குடத்தைக் கீழ எறக்கிட்டு அவளை நேராப் பாத்தா.

"என் சமையக்கட்டுக்குப் பாம்பு வந்துச்சுன்னு சொன்னாரே, அதை நம்பிக்கினு மாசக்கணக்கா அடுப்புகிட்ட நிக்கறதுக்கே பயந்து செத்தேன் கோகிலா. ஒரு பானையை நிம்மதியா நவுத்தினது இல்ல. கட்டினவகிட்டயே பொய்." ராஜாம்பாள் முந்தானையால கையைத் தொடச்சுக்கினு, உள்ளங்கையை நீட்டினா. "அந்தச் சட்டை இன்னும் வச்சிருக்கியா?"

கோகிலவாணி உள்ள போய் புடவை மடிப்பைத் தொறந்தா. கருப்பட்டி வளந்து வளந்து உரிச்சுப் போட்டது எல்லாம் வரிசையா இருந்துச்சு. இருக்கிறதுலயே பெருசா ஒண்ணை எடுத்து, கிழிஞ்சுடாம காகிதத்துல சுத்திக் கொண்டாந்து குடுத்தா.

"எங்கக்கா வைப்பீங்க?"

"அவரு செருப்புல" ன்னு ராஜாம்பாள் அதை இடுப்புல சொருவிக்கினு, குடத்தை முக்கித் தண்ணி மொண்டா. "அது கிழிஞ்சதும் இன்னொண்ணு வந்து கேக்கறேன்."